இரண்டாவது பிரேக்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் சேருகிற யாரும் முதல் வாரம் காரைத் தொட முடியாது. முதல் வாரம் என்னிடம்தான். தரைத்தளத்து முன்னறையில் பன்னிரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, பலகையில் ஒட்டி நகர்த்த ஏழு காந்தக் கார்கள். எட்டு இருந்தன. ஒன்றை யாரோ ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாற்சந்தியில் யாருக்கு முதல் வழி, மழையில் முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி, கிளட்சை மிதித்தால் உள்ளே என்ன நடக்கிறது, எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்துத் தேர்வில் என் வகுப்பு ஆள் ஒருவர்கூடத் தோற்றதில்லை. கடைத்தெருவில் காய் வாங்கப் போனால்கூட "வணக்கம் டீச்சர்" என்று நாலு பேராவது சொல்வார்கள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இதை எழுதும்போதே காது சூடாகிறது. நாற்பத்தேழு வயதில், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரின் மனைவி, அதே ஸ்கூலின் டீச்சர், கார் ஓட்டத் தெரியாதவள். நீச்சல் தெரியாமல் நீச்சல் வகுப்பு எடுத்த கதைதான். நல்லவேளையாக வீடு ஸ்கூலுக்கு மேல்மாடியில். வேலைக்குப் போக பதினாறு படி இறங்கினால் போதும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு தடவை ஒரு பெண், "டீச்சர், முதல் முதலா ஓட்டினப்ப உங்களுக்கும் பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள். "பயம் இல்லாம எப்படி?" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பயந்ததோடு சரி, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் மூன்று நாள் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் ஊராருக்கு வாய்த்த தங்கம். கற்றுக்கொள்கிறவன் காரைச் சாக்கடையில் இறக்கினாலும், "பரவாயில்ல தம்பி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார். பெண்டாட்டியிடம் அந்தப் பொறுமை காட்ட மாட்டார். மூன்றாம் நாள் ரிவர்ஸ் எடுத்து கேட் தூணில் இடித்தேன். "ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். கதவைத் திறந்து இறங்கி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. அப்புறம் மகள் பிறந்தாள். அப்புறம் ஸ்கூல் வளர்ந்தது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு கட்டத்துக்கு மேல், டீச்சரம்மா காரில் 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு ஊருக்குள் போவதை நினைத்தாலே உடம்பு கூசியது. வெட்கம் என்பது நாளாக நாளாகக் குறையும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. என் விஷயத்தில் அது வட்டி போட்டு வளர்ந்தது.

கார் வகுப்பு முழுக்க அவருடையது. ஓட்டுகிறவர் ஓட்டும் இருக்கையில் இருப்பார், இவர் பக்கத்தில். பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இவர் அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிடுவார். அது இருக்கிற தைரியத்தில்தான் எல்லாரும் வண்டியையே நகர்த்துவார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், முதல் நாள் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"சார், காலை வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன், நீங்க எடுங்க" என்பார்.

மூன்றாவது வாரம் அவர் காலை எடுத்துவிடுவார். இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "பாத்துக்கங்க, கால் இல்ல. இனிமே நீங்கதான்" என்று காட்டுவார். அன்று வந்ததும் அந்த மாணவரின் கார்டில் தேதி எழுதி என் மேசையில் வைப்பார். எங்கள் ஸ்கூல் கார்டில் மட்டும்தான் அப்படி ஒரு கட்டம் உண்டு: 'கால் எடுத்த தேதி'. அந்தக் கட்டம் நிரம்பாமல் நான் யாருடைய விண்ணப்பத்தையும் டெஸ்டுக்கு அனுப்ப மாட்டேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

போன வருஷம் வீட்டில் டம்ளர்கள் உடைய ஆரம்பித்தன. இவர் கைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்தால் தட்டிவிடுவார். "இப்படி ஓரத்துல வச்சா எப்படித் தெரியும்?" என்று என் மேலேயே பாய்வார். அலமாரிக் கதவு திறந்திருந்தால் நேராகப் போய் நெற்றியில் இடித்துக்கொள்வார். அதற்கும் நான்தான் காரணம். ஒரு நாள் இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப்பார்வை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறதாம். நேரே இருப்பது பளிச்சென்று தெரியும், பக்கவாட்டில் இருட்டு. போனது இனி வராது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. "வண்டி ஓட்டறதை இன்னையோட நிறுத்திடுங்க" என்றார் டாக்டர்.

"ஓட்ட மாட்டேன் டாக்டர். பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்கலாம்ல?" என்றார் இவர்.

டாக்டர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். இவர் வெளியே வந்து, "பாத்தியா, டாக்டரே ஒண்ணும் சொல்லல" என்றார். காரை ஓட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம். வேறு யார் ஓட்டுவது?

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சண்டை. நான் சாவியைக் கேட்பேன். அவர் பிடிகொடுக்க மாட்டார். "ஓட்டறவனுக்குக் கண்ணு இருக்கில்ல? எனக்குக் காலு போதும்" என்பார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மகள் தலைமேல் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். வேறு ஊரில் வேலை பார்க்கிற அந்த மகளுக்கே தெரியாது. போனில் பேசும்போது "அப்பா நல்லாயிருக்காரா?" என்பாள். "அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார்" என்பேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி முகமெல்லாம் சிரிப்பாக என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், இன்னிக்கு ஒரு தாத்தா பிளாட்பாரத்துலேர்ந்து சடார்னு இறங்கிட்டார். சார் பிரேக் போடறதுக்கு முன்னாடி நானே போட்டுட்டேன்! சாருக்கே ஆச்சரியம்" என்றாள். "சபாஷ்" என்று கைகொடுத்தேன். அவள் போனதும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சார் பிரேக் போடவே போவதில்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சார் அந்தத் தாத்தாவைப் பார்க்கவே இல்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் விடவில்லை. "யாரையாவது அடிச்சாத்தான் விடுவீங்களா? சாவியைக் கொடுங்க. வேற ஆளைப் போட்டு ஸ்கூலை நடத்தலாம்."

"சாவியைக் கொடுத்துட்டு நான் என்ன பண்றது? பலகையில காந்தம் ஒட்டவா?" என்றார். அப்புறம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இப்படி வச்சுக்கலாம். நீ லைசென்ஸ் வாங்கு. வாங்கின அன்னிக்கே சாவி உன் கையில. நம்ம காரை நம்ம வீட்டுல ஒரு ஆள் ஓட்டணும். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காத" என்றார்.

நான் எங்கே வாங்கப்போகிறேன் என்ற நம்பிக்கையில்தான் சொன்னார். அது எனக்கும் தெரியும். "சரி" என்றேன்.

காலை ஐந்தரை மணிக்கு, ஊருக்கு வெளியே கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற காலிச் சாலையில் பயிற்சி. அங்கே நாய்கூட வராது. நான் தலையில் துணியைச் சுற்றி, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவேன். "யாராவது பாத்தா நாம ரெண்டு பேரும் ஓடிப்போறோம்னு நினைப்பாங்க" என்று சிரிப்பார். கோபம் இல்லை, கத்தல் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கத்தியதற்கெல்லாம் சேர்த்து இப்போது பொறுமையாக இருந்தார். "மெதுவா விடு... இன்னும் மெதுவா... அவ்வளவுதான், போகுது பாரு" என்பார். வண்டி போகும். முதல் வாரமே போயிற்று. இரண்டாம் வாரம் கியர் மாற்றினேன். நாலாம் வாரம் மேட்டில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது, ஏறியது. ஒரு தடவைகூட வண்டி குலுங்கி நிற்கவில்லை. இவ்வளவு சுலபமான வேலைக்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. பலகையில் நான் காட்டுவதெல்லாம் காலில் தானாக வந்துவிட்டதாக நினைத்தேன். கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. ஆறாம் வாரம் விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

டெஸ்ட் மைதானத்துக்கு இவர்தான் காரை ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில், வழக்கம்போல இரண்டு காலையும் கதவோரமாக ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெடல்களில் என் கால் படக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து இவர் போட்ட சட்டம். மூன்று திருப்பம், ஒரு நாற்சந்தி. ஒவ்வொன்றிலும் இவருக்குப் பதிலாக நான் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "உனக்குக் கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்றார்.

மைதானத்தில் எங்கள் ஆட்கள் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். ஒரு தையல்காரர், ஒரு நர்ஸ், அன்றைக்குத் தாத்தாவைக் காப்பாற்றிய அந்தக் கல்லூரிப் பெண். அவர்களுடைய விண்ணப்பத்தை அனுப்பியது நான். அதே தேதி விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"டீச்சரே வந்துட்டாங்க, இனிமே பயமில்ல" என்றார் தையல்காரர். நர்ஸ் எனக்காக நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். நான் அதில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? கைப்பைக்குள் என் விண்ணப்பம் மடித்துக் கிடந்தது. அவர்களிடம், "கண்ணாடியைப் பாக்க மறக்காதீங்க, சீட் பெல்ட் முதல்ல" என்று அறிவுரை வேறு சொன்னேன். என் வாய்க்குப் பழக்கம் அது. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்த் தேறிவிட்டார்கள். தேறினவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாதா? போகவில்லை. டீச்சரோடு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவோம் என்று நின்றுகொண்டார்கள்.

"பதினாலு!" என்று மைதானத்துப் பணியாள் கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. "பதினாலு யாருங்க? வரலையா?"

எழுந்தேன். அந்த இருபதடி தூரத்தை நான் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. இவர் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். டெஸ்டுக்கு வருகிற பயிற்சி வண்டிகளுக்கு இங்கே ஒரு விதி. இரண்டாவது பெடல்களை முதல் பெடல்களோடு இணைக்கிற கம்பிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன இரும்பு 'பின்' செருகியிருக்கும். ஒவ்வொருவர் டெஸ்டுக்கும் முன்னால் இரண்டு பின்னையும் கழற்றி, இன்ஸ்பெக்டருக்குக் கையில் காட்ட வேண்டும், முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவர் உதவி செய்ய முடியாது. இவர் குனிந்து கழற்றினார். உள்ளங்கையில் வைத்து இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் காட்டினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஓட்டும் இருக்கையின் கதவைத் திறந்ததும் நர்ஸ் ஓடி வந்தாள். "டீச்சர், டீச்சர், அது டெஸ்ட் கொடுக்கறவங்க சீட்டு" என்றாள். உதவி செய்யத்தான் வந்தாள், பாவம். "தெரியும்மா" என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பின்னால் தையல்காரரும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினெட்டு வருஷத்து மானம் அந்த ஒரு நிமிஷத்தில் கப்பலேறிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். என் கையெழுத்தை நூறு விண்ணப்பத்தில் பார்த்தவர். "ஆரம்பிங்க" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த மரியாதை இன்னும் மோசமாக இருந்தது.

கிளட்சை மிதித்தேன். மிதிபடவில்லை. கல்லை மிதித்த மாதிரி இருந்தது. தொடை நடுங்க அழுத்தி கீழே கொண்டுபோனேன். கியர் போட்டு விட்டேன். வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி. மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவை எப்படியோ நகர்ந்து மேடு வரைக்கும் போய்விட்டேன். மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும். எடுத்தேன். வண்டி பின்னால் உருண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தப் பெடல் எது என்று மறந்துபோயிற்று. பின்னால் வைத்திருந்த தகர டிரம்மில் இடித்தது. இன்ஸ்பெக்டர் அம்மாதான் கைபிரேக்கை இழுத்தார். அந்த டிரம் கணகணவென்று உருண்டு மைதானத்தின் நடுவில் போய் நின்றது. அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "இத்தனை நாளா உங்களுக்குக் கிளட்ச் யாரு மிதிச்சாங்க?"

கேள்வி முடிவதற்குள் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. வெண்ணெய் மாதிரி இறங்கின கிளட்ச். குலுங்காத வண்டி. மேட்டில் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாத வண்டி. ஆறு வாரமும் ஓட்டியது அவர். பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது பெடலில். எனக்கு மட்டும் மூன்றாவது வாரம் அவர் காலை எடுக்கவே இல்லை. எடுத்தாரா இல்லையா என்று நான் பார்க்கவும் இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் கார்டு போட்டுக் கட்டம் கட்டமாகச் சரிபார்க்கிறவள், எனக்கென்று ஒரு கார்டு போடவில்லை. வீட்டு ஆளுக்கு எதற்குக் கார்டு என்று நினைத்தேன்.

முப்பது நாள் கழித்து மறுபடி வரலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

காரிலிருந்து இறங்கினேன். மூன்று பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். "வண்டி சரியில்ல டீச்சர், யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகும்" என்றார் தையல்காரர். அதே வண்டியில்தான் அவர் அரை மணி முன்னால் தேறினார். இவர் கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனபடி கார்ப் பக்கம் குனிந்தார். என்னால் அங்கே ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை.

"முதல்ல இங்கேருந்து கிளம்புங்க" என்றேன். "எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பாத்துக்கலாம். கிளம்புங்க."

கிளம்பினோம். நான் காலை ஒடுக்கிக்கொண்டு மடியில் இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணும்னே பண்ணீங்களா?" என்றேன்.

"எதை?"

"எனக்குத் தெரியும். சொல்லுங்க."

"சத்தியமா எனக்கே தெரியல" என்றார். "காலு தானாப் போகுது. நீ கிளட்சை விடறப்ப உன் முகம் போற போக்கைப் பாத்தா காலு தானாப் போயிடுது. வண்டி குலுங்கினா நீ மறுபடி இறங்கி நடந்து போயிடுவியோன்னு..."

"நான் தோத்தா சாவி உங்ககிட்டயே இருக்கும். அதனால இல்லையா?"

"அப்படியும் இருக்கலாம்" என்றார். "தெரியலம்மா."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். இந்த மனிதர் உண்மையைச் சொல்லி என் கையைக் கட்டிப்போட்டுவிட்டார். அழுகையைத் துடைக்க முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன்.

என் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் கேரியரில் வெங்காய மூட்டை. வேகமாகத்தான் வந்தாள். எங்களைப் பார்த்திருந்தாள், கார்க்காரர் நிறுத்துவார் என்ற நம்பிக்கையில் வந்தாள். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இத்தனை வருஷத்துச் சட்டத்தை என் கால் மறந்தது. கதவோரத்திலிருந்து பாய்ந்து இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பெடல் சொத்தென்று தரை வரைக்கும் போயிற்று. எந்தப் பிடிப்பும் இல்லை. பின் இரண்டும் அவர் சட்டைப் பையில் இருந்தன. போடவிடாமல் கிளப்பியது நான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். அப்படி நான் பிரசவத்தில்கூடக் கத்தவில்லை.

நிறுத்தினார். பம்பர் சைக்கிளின் முன் சக்கரத்தில் பட்டது. அவள் குதித்து இறங்கிவிட்டாள். சைக்கிள் விழுந்தது. மூட்டை அவிழ்ந்து வெங்காயம் சாலை முழுக்க உருண்டது.

"கண்ணு தெரியலையாய்யா உனக்கு?" என்று அவள் இவரைப் பார்த்துக் கத்தினாள். சாலையில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக் கத்துவதுதான். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். நான் இறங்கி ஓடினேன். அடிபட்டதா என்று அவள் கை காலைத் தடவிப் பார்த்தேன். ஒரு சிராய்ப்புகூட இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மண்டிபோட்டு வெங்காயம் பொறுக்கிக் கொடுத்தேன். அவளே, "விடுங்கம்மா, விடுங்க" என்று சொல்லி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறிப் போனாள்.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். கார் சாலையின் நடுவில் குறுக்காக நின்றது. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"நான் பாத்துட்டேன்" என்றார். "அதான் நிறுத்தினேன்ல?"

"எங்க பாத்தீங்க? நான் கத்தினேன், நிறுத்தினீங்க."

அவர் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். என் பக்கம் நீட்டினார்.

"இந்தா" என்றார். "வேணாம் எனக்கு. நீயே வச்சுக்க."

ஒரு வருஷமாக நான் கேட்ட சாவி. சண்டை போட்டு, பட்டினி கிடந்து, விடிகாலையில் முகத்தை மூடிக்கொண்டு போய்க் கற்றுக்கொண்டது எல்லாம் அதற்காக. என் உள்ளங்கையில் இருந்தது. அவர் கைச்சூடு இன்னும் அதில் இருந்தது. பின்னால் ஹாரன் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒருத்தர் கண்ணாடியை இறக்கி ஏதோ திட்டினார். நான் சாவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடியது உலகத்தில் ஒன்றுமே இல்லை. கிளட்ச் உள்ளே என்ன செய்கிறது என்று படம் போட்டுக் காட்டலாம். இந்த இடத்தில் யாருக்கு முதல் வழி என்று விதி எண்ணோடு சொல்லலாம். இந்தக் காரைப் பத்தடி நகர்த்தி ஓரம் கட்ட எனக்குத் தெரியாது.

யாரையாவது கூப்பிடலாம். ஊர் முழுக்க எங்களிடம் படித்தவர்கள். மைதானத்தில் அந்த மூன்று பேர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், ஒரு போன் போட்டால் பறந்து வருவார்கள். போனைக் கையில் எடுத்தேன். என்னவென்று சொல்வது? சாருக்குக் கண் தெரியவில்லை, டீச்சருக்கு ஓட்டத் தெரியவில்லை, வந்து வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்றா? போனைப் பைக்குள் போட்டேன். ஒரு பெண் இப்போதுதான் செத்துப் பிழைத்துப் போகிறாள், அப்போதும் எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இதை நான் எந்த வகுப்பிலும் சொல்ல மாட்டேன்.

அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு இரண்டு பின்னையும் எடுத்தேன். இறங்கி, கதவைத் திறந்துவைத்து, சாலையில் மண்டிபோட்டு, இருக்கைக்கு முன்னால் தலையை உள்ளே விட்டேன். எந்தக் கம்பி எந்தத் துளையில் சேர வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வாரம் மூன்றாம் நாள் பாடம் அது. முதலில் கிளட்ச், பிறகு பிரேக். பின்னைச் செருகி, முனையை விரித்துவிட்டேன். பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக நின்றது.

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். சாவியை அவர் கையில் வைத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். இரண்டு பேருக்கும் அவமானமாக இருந்தது. அவர் எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மிதித்து, கியர் போட்டார். ஆனால் எடுக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே இருந்தார்.

"காலை வச்சிருக்கியா?" என்றார்.

"வச்சிருக்கேன்" என்றேன். "நீங்க எடுங்க."